கிடைப்பங்கு

ஆலங்குடாக் கரையில் றிஸ்வியிடம் அடி வாங்கியதே இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் வெளியூர்க்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மேல்வாயில் முன்பல் ஒன்று இல்லை. கரைவலைக்காரர்களின் ஓலைக் கொட்டிலான வாடிக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்து விற்கிறவன் நான். ஐஸ் பெட்டியின் மேல் ஏறிக் குந்தாதே என்று ஒரு நாள் அவனிடம் சொன்னேன். பல் போயிற்று. அடித்த கையோடு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். வழி முழுக்க என்னையே ஏசிக்கொண்டு வந்தான்.

"நீ என்னத்துக்குடா வாயத் தொறந்துகொண்டு நிண்டாய்? மூடியிருந்தா சொண்டு கிழியிறதோட போயிருக்கும்."

அவனுடைய நியாயம் அப்படி. அவனை மிருகம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது அவன் சிறு பையன். தில்லையடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் கிழமையிலேயே ஒருவன் அவனை "அகதி" என்று கூப்பிட்டான். கூப்பிட்டவனின் மூக்கு உடைந்தது. றிஸ்வியின் படிப்பும் அத்தோடு முடிந்தது. பிறகு ஆலங்குடாவுக்கு வந்து கரைவலையில் கயிறு இழுத்தான். இந்த ஊர்ப் பெண் ஸக்கியாவைக் கேட்டபோது அவளுடைய அண்ணன்மார், எங்கள் பேச்சில் நானாமார், மூன்று பேரும் அகதிக்குப் பெண் இல்லை என்றார்கள். மூன்று பேரையும் தனித்தனியாகப் பிடித்து அடித்தான். இப்போது மூவரும் வாய் நிறைய மச்சான் என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் மகள் ஸம்ஹாவின் மேல் அவன் விரல் பட்டதில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் கிடைத்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"டொக்டரா, இஞ்சினியரா? ஒண்டச் சொல்லு மகள்."

"ரெண்டும் இல்ல வாப்பா. ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுல நிக்கிறவனுக்குத்தான் ரெண்டு பக்கத்தாலயும் அடி விழும்," என்றான். ஆயினும் ஊரில் உள்ள அத்தனை கடைக்கும் போய் அந்த நீளமான பெயரைச் சொல்லிவிட்டு வந்தான்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் கரைக்கு வின்ச் வந்தது. சம்மாட்டி றவூப், அதாவது வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர், பழைய உழவு இயந்திரம் ஒன்றை வாங்கி அதன் பின்னால் இரும்பு உருளை பூட்டினார். உருளை சுழன்று கடலிலிருந்து கயிற்றை இழுக்கும். ஒருவன் பக்கத்தில் நின்று, உருளையில் சுற்றிவரும் கயிற்றின் வாலைப் பிடித்து எடுக்க வேண்டும். இருபது பேர் இழுத்த வலையை ஆறு பேர் இழுத்தார்கள். உழவு இயந்திரத்தில் இருந்தவன் சம்மாட்டியின் ராத்தாவின் மகன் றஸீன். கண் எப்போதும் கைத்தொலைபேசியில், காது பாட்டில் இருக்கும். மருமகன் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

அன்று கயிற்று வாலைப் பிடித்திருந்தவன் றிஸ்வி. ஈரக் கயிறு மடிந்து மணிக்கட்டில் விழுந்தது. உருளை முதலில் கையை எடுத்தது, பிறகு முழங்கையை எடுத்தது. நான் ஐஸ் கட்டியில் கோடரி போடும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அவனுடைய கைக்குள்ளிருந்து வந்தது. அவன் கத்தியது கடற்கரை முழுக்கக் கேட்டது. றஸீனுக்கு மட்டும் கேட்கவில்லை. ஒருவன் ஓடிப்போய் இயந்திரத்தை நிற்பாட்டியபோது முழங்கைக்குக் கீழே தோல்தான் மிச்சம் இருந்தது. அந்த நிலையிலும் றிஸ்வி எழுந்து, றஸீனின் கழுத்தை இடது கையால் பிடித்து, தலையை இரும்பில் மோதினான். பிறகுதான் மயங்கி விழுந்தான். அந்த மணலில் இரத்தம் ஊறிய இடத்தை நாய்கள் கிளறாமல் இருக்க நான் ஐஸ் பெட்டியை அதன் மேல் இழுத்து வைத்தேன். அன்று முழுக்க அழுதேன்.

வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் அடிபட்டுக் கிடையில் விழுந்தவனுக்கு, அவன் எழும்பும்வரை முழுப் பங்கும் போகும். மீனைக் கூறு போடும்போது அவனுக்கும் ஒரு கூறு வைப்பார்கள். அதற்குக் கிடைப்பங்கு என்று பெயர். எழும்பியதற்கு அடையாளம் வாடி. வாடியைத் தாண்டித் தன் காலால் கடல்பக்கம் நடந்து வந்தவன் எழும்பினவன். அன்றோடு கிடைப்பங்கு நின்றுபோகும். கை கால் குறைந்து எழும்பியவனுக்கு அரைப்பங்குதான்.

புண் ஆறியதும் றிஸ்வி எழும்பத்தான் இருந்தான். மீன் கூட்டம் பார்க்கிற வேலை தருவதாக றவூப் சொல்லியிருந்தார். உடுக்கிற சாரத்தைக்கூடத் துவைத்து வைத்திருந்தான். அந்தக் கிழமை ஸம்ஹா வீட்டுக்கு வந்தாள். பட்டம் முடித்துவிட்டாள். அவளுடைய பேராசிரியர் மேற்கொண்டு ஆய்வுப் பட்டத்துக்கு அவளைக் கேட்டிருந்தார். செயற்கைக் கை செய்கிற ஆய்வு. உப்புக் காற்றிலும் வியர்வையிலும் கெடாத, கயிறு பிடிக்கக்கூடிய கை. ஏன் அந்தக் கை என்று யாரும் அவளிடம் கேட்கத் தேவையில்லை. படிப்புக் கட்டணத்தையும் ஆய்வுகூடச் செலவையும் ஒரு மானியம் ஏற்றுக்கொண்டது. இருக்க, தின்ன, பஸ்ஸில் போக ஒன்றும் இல்லை. ஆய்வு மாணவர்களுக்கு மாதப்படி தருவதாக இருந்தார்களாம். நாட்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசை நின்ற காலத்தில் அதை வெட்டிவிட்டார்கள்.

புலமைப்பரிசில்களுக்குப் போட்டுப் பார்த்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பாதிதான் தரும் என்றது. ஒரு நிதியம், முதல் பட்டம் படிக்கிறவர்களுக்கு மட்டும் என்றது. இன்னொன்று தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு. வேறொன்று உடல் ஊனமுற்ற மாணவர்களுக்கு. இதையெல்லாம் அவள் குசினியில் அடுப்பருகே உம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த றிஸ்விக்குக் கேட்டுவிட்டது.

"அப்ப நான் மௌத்தாயிருந்தா ஒண்டு கிடைச்சிருக்கும். இல்லாட்டி உன்ட கை போயிருந்தா இன்னொண்டு கிடைச்சிருக்கும். என்ட கை போனதுக்கு ஒருத்தனும் ஒண்டும் தரமாட்டான். அப்பிடித்தானே?"

"அப்பிடி இல்ல வாப்பா. நான் கொழும்புல வேலைக்குப் போறன். ஆஸ்பத்திரிச் சாமான் விக்கிற கொம்பனி ஒண்டு கேட்டிருக்கு."

அவன் மூடிய அலுமாரிக் கதவில் இடது கையால் குத்தினான். பலகை பிளந்துகொண்டு போயிற்று.

"நீ படிக்கப் போறாய். நான் எழும்பயில்ல. கிடக்கிறன்."

இப்படித்தான் அது தொடங்கியது. அரைப்பங்கில் வீட்டுக்குச் சோறு வரும், பிள்ளைக்குப் படிப்பு வராது. முழுப் பங்கு வேண்டுமென்றால் கிடையில் கிடக்க வேண்டும். படிப்பு முடியும்வரை கிடக்க வேண்டும்.

ஸக்கியா பயந்தாள். "இது ஹறாமில்லயா? மத்தவங்கட வேர்வையல்லவா?" என்று கேட்டாள்.

"மறுமையில நான் பதில் சொல்லுறன். நீ சோத்தப் போடு," என்றான்.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கூறு மற்றவர்களின் கூறுகளிலிருந்து குறைந்து போனதுதான். ஆனால் அவன் கிடந்த கிடையை நான் பார்த்தேன். வீட்டு வாசலோரம் கட்டில். வாசலிலிருந்து பார்த்தால் வாடியும் உழவு இயந்திரமும் கடலும் தெரியும். வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடல்மேல் பறப்பதும் தெரியும். ஊரையே அடித்துத் திரிந்தவன் அதைப் பார்த்தபடி காலை முதல் மாலைவரை படுத்திருந்தான். ஆத்திரம் எங்கே போகும்? கோப்பைகளை எறிந்தான். மின்விசிறியைக் காலால் உதைத்து உடைத்தான். கட்டில் சட்டத்தில் தலையை மோதி நெற்றியைக் கிழித்துக்கொண்டான். ஸக்கியாவின் நானா ஒருவன் ஆறுதல் சொல்லப் போய் உதடு வீங்கித் திரும்பி வந்தான்.

கிடைப்பங்குக்கு எதிராக அதிகம் கத்தியவன் அம்ஜத். றிஸ்விக்குப் பிறகு கயிற்று வாலைப் பிடித்தவன் அவன். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அவனைப் பிழை சொல்ல முடியாது. வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே குரலை உயர்த்துவான்.

"கிடையில கிடக்கிறவன்ட கன்னம் ரெண்டும் உப்பிக்கொண்டு போகுது. எங்கட கன்னத்தப் பாருங்க!"

நான் உள்ளே இருந்த ஒரு நாள் அப்படிக் கத்தினான். றிஸ்வி தலையணையைப் பல்லால் கடித்தான். கடித்த இடத்தில் துணி கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. எழும்பவில்லை. அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

விடுமுறையில் ஸம்ஹா தான் செய்த கையைக் கொண்டு வந்தாள். ஆய்வுகூடத்தில் பலர் அதைப் பூட்டிப் பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கயிறு இழுத்தவரில்லை. கயிறு இழுத்தவன் வீட்டில் கிடந்தான். ஆனால் அவன் கை பூட்டிக்கொண்டு திரிவதை யாரும் கண்டால் எழும்பிவிட்டான் என்று ஆகிவிடும். எழும்பினால் பங்கு நிற்கும், பங்கு நின்றால் கை செய்கிறவளின் சோறு நிற்கும். என்ன கூத்து என்று பாருங்கள். அதனால் பட்டப்பகலில் கதவு யன்னலெல்லாம் சாத்திவிட்டு, வேர்த்து ஒழுக, அப்பனும் மகளும் சோதித்தார்கள். நான் காவலுக்கு உள்ளே கதவோரம் இருந்தேன். காஸ் சிலிண்டரைத் தூக்கினான். கட்டிலின் காலில் கயிறு கட்டி இழுத்தான். கடைசியில் பழைய ஆத்திரம் தலைக்கேறி, அந்தக் கையால் சுவரில் ஓங்கிக் குத்தினான். கை இரண்டாக முறிந்து விழுந்தது.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் துண்டுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லது வாப்பா. எங்க முறியுமெண்டு எங்களுக்குத் தெரியாமத்தான் இருந்திச்சு."

பிறகு அவனுடைய நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுவரிலும் அலுமாரியிலும் இருந்த வெடிப்புகளைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

"எழும்புங்க வாப்பா. எனக்கு இந்தப் படிப்பு வேணாம். நீங்க எனக்காக இப்பிடிக் கிடந்து அழியிறதப் பாத்துக்கொண்டு என்னால படிக்க ஏலாது. இனி ஒரு தரம் நீங்க அவமானப்பட்டதாக் கேள்விப்பட்டா, அண்டைக்கே எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருவன்."

"ஆரு அவமானப்பட்டது? ராசா மாதிரிக் கிடந்து தின்னுறன்," என்றான். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் திரும்பிப் போனாள். இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

நுரைச்சோலைப் பக்கமிருந்து கச்சான் காற்று அள்ளி வீசிய ஒரு காலை. வலை பாதித் தூரம் வந்துவிட்டது. அம்ஜத் கயிற்று வாலைப் பிடித்து நின்றான். காற்று அவனுடைய சாரத்தைத் தூக்கி உருளையில் போட்டது. இரும்பு சாரத்தைச் சுற்றிக்கொண்டு இடுப்போடு அவனை இழுத்தது. விழுந்தான். ஒரு கால் கயிற்றுக்குள் போயிற்று. "றஸீன்! றஸீன்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். றஸீனின் இரண்டு காதிலும் பாட்டு மாட்டியிருந்தது. மற்றவர்கள் தூரத்தில், வலையின் மற்றக் கயிற்றுப் பக்கம் நின்றார்கள்.

வாசல் கட்டிலிலிருந்து றிஸ்வி பாய்ந்ததை நான் கண்டேன். வேலிப் படலையைத் திறக்கவில்லை, மார்பால் உடைத்துக்கொண்டு வந்தான். வாடியைத் தாண்டினான். ஓடி வந்த வேகத்தில் இடது கை றஸீனின் தாடையில் இறங்கியது. றஸீன் இருக்கையிலிருந்து பறந்துபோய் மணலில் விழுந்தான். றிஸ்வி இயந்திரத்தை நிற்பாட்டினான். அம்ஜத்தின் கணுக்காலில் தோல் உரிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கால் இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். றிஸ்வி விடவில்லை. றஸீனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தான். கிடையில் கிடந்த காலமெல்லாம் அந்தக் கையில் இருந்தது. றஸீனின் வாயும் மூக்கும் ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு அடிக்கும் இரத்தம் மணலில் தெறித்தது. அரை நிர்வாணமாக அம்ஜத் தவழ்ந்து வந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான்.

"விடு மச்சான், செத்திருவான்! அல்லாஹ்வுக்காக விடு!"

றஸீனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வலையைக் கையால் இழுத்துக் கரை சேர்த்தார்கள். சம்மாட்டி றவூப் வந்தபோது மீன் கூறுகளாகக் குவிக்கப்பட்டிருந்தது. அவர் கையில் துடுப்பு இருந்தது. கிடைப்பங்குக் கூறைக் காலால் தட்டிக் கலைத்தார்.

"றிஸ்வி, ஒண்டு சொல்லு. நீ எழும்பினவனா, கிடையா? எழும்பினவனெண்டா இண்டையோட கிடைப்பங்கு முடிஞ்சுது. கிடையெண்டா, என்ட ராத்தாட மகன்ட தாடைய ஒடைச்சது ஆரு?"

றிஸ்வியின் இடது கை முட்டியாயிற்று. புறங்கையில் றஸீனின் பல் கிழித்த காயம் இருந்தது. நாங்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். அந்தக் கையை எங்களுக்குத் தெரியும். றவூபும் துடுப்பை ஓங்கிக்கொண்டார். ஒரு குத்து போதும், கிழவர் கடலில் கிடப்பார். நியாயமும் றிஸ்வி பக்கம் இருந்தது. அவன் கையைத் தின்றது அவருடைய இயந்திரம். இன்று ஒருவனின் காலைக் காப்பாற்றியவன் அவன். அடி, அடித்துவிடு என்று என் மனம் சொன்னது.

அவன் கடலைப் பார்த்தான். பிறகு கூறுகளைப் பார்த்தான். முட்டி மெல்ல விரிந்தது. முதலில் முழங்காலில் இருந்தான், பிறகு கையை ஊன்றினான். மீன் இரத்தமும் செதிலும் கிடந்த அந்த ஈர மணலில், அவன் ஒரு காலத்தில் அடித்த அத்தனை பேரின் காலடியிலும், பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினான்.

"நான் கிடை," என்றான்.

யாரோ ஒரு சின்னவன் சிரித்தான். யாரோ அவனுக்கு அறைந்தார்கள்.

"எழும்புடா!" என்று றவூப் விலாவில் உதைத்தார். றிஸ்வி அசையவில்லை. "நடிக்கிறியா? எழும்பு!" இன்னொரு உதை. உடம்பு ஒரு தரம் குலுங்கியது. கண் திறக்கவில்லை. றிஸ்வியை ஒருவன் உதைத்து, உதைத்தவன் நின்றுகொண்டிருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாவது உதைக்குக் கால் தூக்கியபோது அம்ஜத் துடுப்பைப் பிடித்து இழுத்தான். இடுப்பில் யாருடையவோ துவாய், கணுக்காலில் சேலைத் துண்டுக் கட்டு.

"காணும், விடுங்க சம்மாட்டி. மனிசன் கிடையில கிடக்கிறான். கண் தெரியயில்லயா உங்களுக்கு?"

ஒற்றைக் காலில் நொண்டிப் போய், கலைந்த மீன்களை வாரி, றிஸ்வியின் தலைமாட்டில் குவித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் கூறிலிருந்து எடுத்துப் போட்டார்கள். றவூப் துடுப்பை எறிந்துவிட்டு, அதைக் கிடைப்பங்கென்று எழுதிக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார்.

இப்போது இன்னொரு சிக்கல். கிடையில் கிடப்பவன் நடந்து போக முடியாது. வீட்டிலிருந்து கட்டிலைக் கொண்டு வந்தோம். நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். அம்ஜத் நொண்டிக்கொண்டே பிடித்தான். வழி நெடுக எங்கள் நாலு பேரின் பரம்பரையையும் இழுத்து வைத்து ஏசிக்கொண்டு வந்தான் றிஸ்வி. மெதுவாக, பல்லைக் கடித்தபடி ஏசினான். கண்ணை மட்டும் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து இரண்டு காதுக்கும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் கட்டிலை இறக்கும்போது சொன்னான்: "நான் படுத்தத எவனாவது ஸம்ஹாக்குச் சொன்னீங்க, குடல உருவி வெயில்ல காயப்போடுவன்."

அந்த வருஷம் முழுக்க ஒருவரும் சொல்லவில்லை. போன மாதம் பிள்ளை ஆய்வுப் பட்டத்தை முடித்துவிட்டாள். மறுநாள் காலையே அவன் எழும்பி வாடியைத் தாண்டி வந்து அரைப்பங்குக்குக் கயிற்றைப் பிடித்தான். இனி அவள் கேள்விப்பட்டாலும் விட்டுவிட்டு வர அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் இதைச் சொல்லிவிட்டேன். அவன் என்னை அடிப்பான். அடிக்கட்டும்.